மஞ்சள் வயர்

மாங்குளம் சந்திக்குத் தெற்கே
தகரக் கூரை கொதிக்கும் பதினொரு மணி.
குகநேசன் கொண்டுவந்து விட்ட வாகன்ஆரின்
கண்ணாடியில் வைரவர் கோயில் கயிறு,
பின்சீற்றில் வெங்காய மணம்.
“இந்த லைற் ராத்திரி பத்தி
திரும்ப நூந்துபோச்சு, தங்கச்சி.
ஒண்டும் இல்லையெண்டால் விடுங்கோ.”

ஒன்றும் இல்லை என்று சொல்ல
எவ்வளவு நேரம் எடுக்கும் என்று
எனக்குத் தெரியும்.
முகமாலையில் ஆறு வருடம்
அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

பற்றரியின் கறுப்புத் தலையைக் கழற்றி
ஓரமாய் ஒதுக்கிக் கட்டினேன்.
இனிப் பொறுக்க வேண்டும்.
துருசைப் பூட்டிய பிறகும்
வாய்க்காலில் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுமே,
அப்படி உள்ளே ஒரு மிடறு மின்சாரம்.
மூன்று நிமிடம் போதும் என்பார்கள்.
நான் பத்து நிற்பேன்.
முதலாளி அமிர்தநாதர்
மணிக்கூட்டைப் பார்க்கிறார்,
பிறகு என்னை,
பிறகு மணிக்கூட்டை.

நிற்கும் நேரத்தில் கண்ணால் மட்டும் தேடுவேன்.
பம்பருக்குப் பின்னால், றேடியேற்றரின் தோளில்
இடியை உணரும் காது.
கியருக்குக் கீழே தரையோடு இறுக்கிய மூளை,
அதன் முதுகில் ஓர் அம்புக்குறி,
வண்டியின் மூக்கைப் பார்த்தபடி.
ஸ்ரியரிங்கின் நெஞ்சுக்குள் ஒன்று.
டாஷ்போட்டில் தைத்த வாய்போல ஒரு கோடு,
அதற்குள் ஒன்று.
சீற்பெல்ற் சுருளின் அடியிலும்
ஒரு சிட்டிகை மருந்து,
அதைத்தான் எல்லாரும் மறந்துபோவார்கள்.

எல்லாவற்றுக்கும் மஞ்சள் உடுத்திய வயர்.
யார் நினைத்தாரோ, நல்லவர்.
தொடாதே என்பதை
நிறத்தில் எழுதி வைத்திருக்கிறார்.
நாங்கள் தேடியவற்றை வைத்தவர்கள்
மண்ணின் நிறத்தில் வைத்தார்கள்.

டிலக்சன் மீற்றரோடு வருகிறான்.
“ஒருக்கா குத்திப் பாப்பமா?”
“கையை எடு.”
மீற்றருக்குள் இருக்கும் சின்னப் பற்றரிகூட
சில வேளை போதும், உறங்குவதை எழுப்ப.
அவன் முறைத்துவிட்டு ரயர் பக்கம் போனான்.

பக்கத் துளைகளால் நெம்பினேன்.
உறை கையோடு வந்தது.
முகத்தை அப்பால் திருப்பிப் பிடிக்கப் பழகிய கை
பிடித்தபடியே நின்றது.
கனம் இல்லை.

பை இல்லை.
மஞ்சள் வயரின் வாயில்
பிலாவிதை அளவும் இல்லாத ஒரு றெசிஸ்ரர்,
ரேப் சுற்றி, ரேப் வெயிலில் இளகி.
லைற்றை ஏமாற்ற அது காணும்.
டாஷ்போட்டைத் திறந்தேன்.
தைத்த வாய்க்குள் கசக்கித் திணித்த ஸ்பொஞ்.

முன்னொரு நாள், எந்த றோட்டிலோ,
எவரோ ஒருவரின் முகம்
அந்தப் பையில் விழுந்திருக்கிறது.
எழும்பிப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.
வண்டி மட்டும் கைமாறிக் கைமாறி
மல்லாவி வரை வந்துவிட்டது.

முகமாலையில் கருவி கத்தும்.
முழங்காலில் இருந்து விரல் விரலாய்க் கிண்டினால்
ஆணி, மீன்ரின் மூடி,
ஒரு நாள் குழந்தையின் கொலுசுத் துண்டு.
கத்தாத இடத்தைத்தான் நம்பினோம்.
இங்கே கத்தாமல் இருக்கட்டும் என்று
காசு கொடுத்திருக்கிறார்கள்.

“அண்ணை, உள்ளுக்க ஒண்டும் இல்லை.”
குகநேசன் மூச்சு விட்டார்.
“அப்ப வெடிக்காதுதானே? நல்லம்.
பின்னேரம் கிளிநொச்சிக்கு ஒரு ஹயர் கிடக்கு.”

திரும்பவும் சொன்னேன், வேறு சொற்களில்.
மூன்றாம் முறை
றெசிஸ்ரரை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்,
நெல்லில் வந்த கல்லைப் பார்ப்பதுபோல.
“இதையே திரும்பப் போடேலாதோ?”
“ஏலாது.”
முதலாளி தொண்டையைச் செருமினார்.
நான் பில்லில் எழுதினேன்: பை இல்லை. இரண்டும்.

பற்றரியைப் பூட்டியதும் பத்திய லைற்
நூரவில்லை.
நாளைக்கு அதன் மேல்
ஒரு துண்டுக் கறுப்பு ரேப் ஒட்டுவார்,
எனக்குத் தெரியும்.
இருந்தாலும்
பெல்ற் பூட்டும் சத்தம் கேட்கும் வரை
வாசலில் நின்றேன்.
ஏ-ஒன்பதில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன.
கேட்டதா இல்லையா என்று
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.